தாமிரபரணி வடிநிலத்தில் நடந்து பார்ப்பது எப்படி

தாமிரபரணியைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பாபநாசத்தில் குளித்து, அகத்தியர் அருவியில் தலையை நனைத்துவிட்டு, மாலைக்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர் தூரமும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் இந்த ஆற்றை நடந்து அறிய விரும்புகிறவர், மலையில் தொடங்காமல் சமவெளியின் கால்வாய்க் கரைகளில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே ஏற்றம் இல்லை. பெரும்பாலும் ஊர்ப் பாதைகள் என்பதால் வனத்துறை அனுமதி தேவைப்படுவதில்லை. வழி தெரியாவிட்டால் கேட்பதற்கு வயலில் ஆள் இருப்பார்கள். கீழே தண்ணீர் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போகிறவருக்குத்தான் காட்டின் அருமை முழுமையாகப் புரியும்.

புறப்படுவதற்கு முன் வடிநிலத்தின், அதாவது மழைநீர் ஓடிவந்து இந்த ஆற்றில் சேரும் நிலப்பரப்பின், எல்லையை வரைபடத்தில் நீங்களே வரைந்து பாருங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடம் இதற்குப் போதுமானது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் மேட்டை நோக்கி வளைந்து கூர்மையாகும்; மலைமுகட்டைக் கடக்கும் இடத்தில் பள்ளத்தை நோக்கி வளையும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து இரு பக்கமும் முகடுகளைத் தொட்டவாறே பென்சிலால் மேலே ஏறினால், இரண்டு கோடுகளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிமுகட்டில் சந்திக்கும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை அங்கேதான் நிற்கிறது. அம்முகட்டின் கிழக்குச் சரிவில் விழும் மழை நமக்கு வருகிறது. மேற்குச் சரிவில் விழுவது நெய்யாறு போன்ற கேரள ஆறுகளுக்குப் போகிறது. கோட்டுக்குள் காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியவை எங்கெங்கே வந்து கலக்கின்றன என்று குறித்துக்கொண்டால், எந்த நடைக்கு எந்த ஊரில் இறங்குவது என்பது தானாகவே தெளிவாகும்.

பருவத்தைப் பொறுத்தவரை, இந்த ஆற்றுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் நீர் தருகின்றன. கார் என்னும் முதல் போக நெல் சாகுபடிக்காக ஜூன் மாதவாக்கில் அணை திறந்த பிறகு கால்வாய்களில் நீர் ஓடும். மலையடிவாரத்தில் சாரலும் காற்றும் இருப்பதால் முற்பகல் முழுவதும் களைப்பின்றி நடக்கலாம். அடுத்த போகமான பிசானப் பயிர் வளர்ந்து நிற்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இன்னொரு நல்ல காலம். பறவைகளும் அப்போது மிகுதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றோரத்தைத் தவிர்ப்பது நல்லது. கோடையில் நடப்பதானால் காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் நடைக்குக் கன்னடியன் கால்வாயைப் பரிந்துரைக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை செல்லும் ரயில் பாதை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றின் போக்கை ஒட்டியே நிலையங்களைக் கொண்டிருப்பதால், ஒரு நிலையத்தில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி திட்டமிடலாம். வாகனத்தை நிறுத்திய இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டிய கட்டாயம் இருக்காது. ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை உள்ள எட்டு அணைக்கட்டுகளில் மூன்றாவதான கன்னடியன் அணைக்கட்டிலிருந்து இக்கால்வாய் பிரிகிறது. கன்னட நாட்டவர் ஒருவரின் கொடையால் வெட்டப்பட்டது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. முதல் நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கரையில் கிழக்கு நோக்கி நடக்கும்போது இரு பக்கங்களையும் மாறி மாறிக் கவனியுங்கள். இடப்பக்கம் ஆறு வரை தாழ்ந்து செல்லும் நஞ்சை. நெல்லும் வாழையும் நிற்கும். வலப்பக்கம் பெரும்பாலும் மேட்டு நிலம். பனையும், குடை விரித்தாற்போன்ற உடைமரமும் தென்படும். நிலத்தின் சம உயரத்தை ஒட்டிக் கால்வாய் வெட்டப்பட்டிருப்பதால் நேரும் வேறுபாடு இது. நீர் தன் எடையாலேயே பள்ளத்தில் இறங்கிப் பாய வேண்டும் என்பதற்காக, பழைய காலத்தவர் கரையை எவ்வளவு நுணுக்கமாக மட்டம் பார்த்துக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதைக் காலால் நடந்துதான் உணர முடியும்.

வழியில், கால்வாயிலிருந்து வயலுக்கு நீர் விடும் திறப்பான மடை ஏதாவது ஒன்றில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கால்வாய்ப் பக்கம் நீர் அசையாததுபோல் இருக்கும். பாசியேறிய கல்லின் அருகே ஒரு சருகு மெல்லச் சுற்றிவந்து, சட்டென்று உள்ளே இழுபட்டு மறையும். கரையைக் கடந்து மறுபக்கம் போனால், அதே நீர் கல்லாலான திறப்பின் வழியே கொப்பளித்து வெளியேறி வாய்க்காலில் விழுவதையும், அங்கே மீனுக்காகக் கொக்கு கழுத்தை நீட்டி நிற்பதையும் காணலாம். அந்த வாய்க்காலைப் பின்தொடர்ந்தால் வயலோ குளமோ வரும். குளம் நிறைந்தால் மிகுதி நீர் மறுகால் வழியே பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடைக்கு, பத்து மடைகள் இருந்ததால் அப்பெயர் வந்தது என்று அந்தப் பக்கத்தில் சொல்வதுண்டு. வயல் வரப்பில் இறங்க வேண்டியிருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். நடவு முடிந்த புதிதில் வரப்பு இளகியிருக்கும்.

இரண்டாவது நடையைத் திருப்புடைமருதூருக்கு வைத்துக்கொள்ளலாம். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடம் அது. மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர் மக்களே நெடுங்காலமாகக் காத்துவந்ததால், 2005ஆம் ஆண்டு அங்கே பறவைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாரைகளையும் நீர்க்காகங்களையும் தொலைவிலிருந்தே பாருங்கள். மரத்தடியில் கூட்டமாக நின்று பேசினால், தாய்ப் பறவை கூட்டை விட்டு எழுந்துவிடும். வெயிலில் குஞ்சு வாடிப்போகும்.

நடக்கும்போது ஆற்றில் இறங்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையைத் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். மேலே தெளிந்து மெல்ல ஓடுகிற நீருக்கு அடியில் ஆளை விழுங்கும் கசம் என்னும் ஆழ்குழி இருக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் மழையே இல்லாவிட்டாலும், அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் ஆறு சற்று நேரத்தில் உயர்ந்துவிடும். புதர் மண்டிய கரையில் கம்பைத் தட்டிக்கொண்டே நடந்தால் பாம்பு விலகிப் போகும். மலையடிவார ஊர்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு என்பதால், பொழுது சாய்வதற்குள் பேருந்துச் சாலைக்கு வந்துவிட வேண்டும்.

அதன் பிறகே மலை. பாபநாசத்துக்கு மேலுள்ள காடு களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் வனத்துறை அனுமதித்த இடங்களுக்கு மட்டுமே செல்லலாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற பலர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024இல் 40 வழித்தடங்களைத் தேர்ந்து, இணையவழிப் பதிவும் வழிகாட்டியும் கொண்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தை வனத்துறை தொடங்கியது. திருநெல்வேலி மாவட்டத்தில் எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று அதில் பார்த்துப் பதிவு செய்யுங்கள். தீ அபாயமுள்ள மாதங்களில் தடங்கள் மூடப்படும். அகத்தியமலை உச்சிக்குச் செல்ல விரும்புகிறவர்கள் கேரள வனத்துறையிடம் அனுமதி பெற்று, போணக்காடு வழியாக ஏற வேண்டும். தெரிந்தவர் கூட்டிப்போகிறார் என்று குறுக்கு வழியில் நுழைவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. மழைக்காலத்தில் அட்டைக்குப் புகையிலைத் தூளோ உப்போ துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இம்மலையின் பழங்குடியினரான காணிக்காரர்களின் குடியிருப்புகள் எதிர்ப்பட்டால் அவை அவர்களுடைய வீடுகள் என்பதை மறக்க வேண்டாம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது பாபநாசம் படித்துறையில் ஒன்றைப் பார்ப்பீர்கள். பரிகாரம் என்று ஆற்றில் விட்ட வேட்டிகளும் சேலைகளும் மருத மரங்களின் வேர்களில் சுற்றி, சேறேறிக் கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. இதற்குக் கீழே எத்தனை ஊர்கள் இந்த நீரைக் குடிக்கின்றன என்பதைக் கால்வாய்க் கரையில் நடந்தவர் அறிவார். உங்கள் துணியையும் பாலித்தீனையும் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுசெல்லுங்கள்.

கடைசி நடையைத் திருநெல்வேலிக்குக் கீழே வையுங்கள். நகரத்தில் ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்துவிட்டு, சிற்றாறு கலக்கும் சீவலப்பேரி வழியாக ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குச் செல்லலாம். குறுக்குத்துறையில் வெள்ளம் வருமுன் உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வது வழக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்து, ஒரு ரயிலே நிலையத்தில் சிக்கிக்கொண்டது. வெள்ளம் அன்று எதுவரை வந்தது என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். அந்த உயரத்தை ஊர்ப்பெயருடன் உங்கள் வரைபடத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.