பெட்டியில் 255 என்று போட்டிருந்தால் போதுமா? ஃபியூவல் பம்ப் தேர்வும் பொருத்தும் முறையும்

பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றிய காருக்குப் பெட்ரோல் வரத்து பற்றவில்லை என்றால் வண்டி உடனே நின்று காட்டிக்கொடுக்காது. சாதாரண ஓட்டத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து மேல் ஆர்பிஎம்முக்குப் போகும்போது ஃபியூவல் பிரஷர் மெல்லச் சரியும், மிக்ஸ்சர் லீன் ஆகும் (காற்றுக்குப் பெட்ரோல் பற்றாது), நாக் அடிக்கும் (கலவை ஒழுங்கின்றி வெடிக்கும்). சில நொடிகள் போதும், பிஸ்டன் போய்விடும். அதனால் டர்போவோ பெரிய இன்ஜெக்டரோ போடுவதற்கு முன்பே பம்ப் கணக்கை முடித்துவிடுங்கள்.

பம்ப் பெட்டியில் அச்சிட்ட 255 போன்ற எண், மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்பது. அது ஒரு குறிப்பிட்ட பிரஷரிலும் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜிலும் அளந்தது. உங்கள் எஞ்சினுக்கு அந்த இரண்டும் வேறு. கிடைக்கப்போகும் பெட்ரோலும் அதனால் வேறு.

எவ்வளவு பெட்ரோல் வேண்டும்

டர்போ இல்லாத எஞ்சின் முழு லோடில் ஒரு ஹார்ஸ்பவருக்கு மணிக்கு சுமார் 230 கிராம் பெட்ரோல் குடிக்கும். டர்போ எஞ்சினைப் பாதுகாப்பாகக் கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) டியூன் செய்வதால் அதற்கு 270 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் அளக்கும் டைனோ இயந்திரத்தில் சக்கரத்தில் தெரியும் எண்ணைப் போடாதீர்கள், எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டில் கிடைக்கும் பவரைப் போடுங்கள்.

400 ஹார்ஸ்பவர் டர்போ கார் என்றால் 400 × 270 கிராம், அதாவது மணிக்கு 108 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம் என்பதால் இது 146 லிட்டர். இதோடு 20 சதவீதம் கையிருப்புச் சேர்த்தால் 175 லிட்டர். ஈ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றுவதாக இருந்தால் வேண்டிய லிட்டர் 30 முதல் 40 சதவீதம் கூடும்; இதே காருக்கு 240 லிட்டர் வரை கணக்கு வையுங்கள். ஈ85-க்குத் தகுந்தது என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கும் பம்ப்தான் அதற்கு வேண்டும். ஆல்கஹாலுக்கு ஏற்காத பம்பில் உள்ளே இருக்கும் உலோகம் அரிக்கும், ரப்பர் கெடும்.

175 தானே, 190 லிட்டர் பம்ப் போதுமே என்று நினைப்பவர்கள்தான் சறுக்குகிறார்கள். இன்ஜெக்டரின் முனையைப் பூஸ்ட் எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளுகிறது. அதைச் சமன் செய்ய, ஃபியூவல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஒவ்வொரு பார் பூஸ்டுக்கும் ஒரு பார் ஃபியூவல் பிரஷரை ஏற்றுகிறது. பேஸ் பிரஷர் (பூஸ்ட் இல்லாதபோது உள்ள ஃபியூவல் பிரஷர்) 3 பார், பூஸ்ட் 1.4 பார் என்றால் பம்ப் 4.4 பாரை, அதாவது 64 பிஎஸ்ஐயை எதிர்த்துத் தள்ள வேண்டும். பிரஷர் ஏற ஏற எந்தப் பம்பின் வரத்தும் குறையும். தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் 4.4 பார் கோடும் 13.5 வோல்ட் வளைவும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே 175-க்கு மேல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வரைபடமே தராத பம்பை வாங்க வேண்டாம்.

அதே தாளில் ரிலீஃப் வால்வு எந்த பிரஷரில் திறக்கும் என்றும் பாருங்கள். பம்புக்குள்ளேயே இருக்கும் இந்த வால்வு உங்கள் வேலை பிரஷருக்கு மிக அருகில் திறந்தால், பெட்ரோல் இன்ஜெக்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரெயிலுக்குப் போகாமல் டேங்குக்குள்ளேயே கொட்டும்.

அப்படியானால் இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிடலாமா? கூடாது. ஐடிலில் எஞ்சின் குடிக்காத பெட்ரோல் முழுக்க ரிட்டர்ன் லைன் வழியாகத் திரும்பியாக வேண்டும். பழைய மெல்லிய ரிட்டர்ன் குழாயால் அவ்வளவையும் விழுங்க முடியாது. ரெகுலேட்டரைத் தளர்த்தினாலும் பிரஷர் 3 பாருக்குக் கீழே இறங்காது. திரும்பி வரும் பெட்ரோல் எஞ்சின் சூட்டை டேங்குக்கும் கொண்டுவரும்.

ரிட்டர்ன் லைனே இல்லாத கார்களில் பம்பின் வேகத்தை ஒரு கண்ட்ரோல் மாட்யூல் கட்டுப்படுத்தும். பெரிய பம்ப் இழுக்கும் கரண்டில் அந்த மாட்யூல் சூடாகிச் செத்துப்போகும், எனவே அதன் ஆம்பியர் வரம்பைப் பார்த்துத்தான் பம்ப் தேர்வு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் டேங்குக்குள் இருப்பது வெறும் லிஃப்ட் பம்ப். கேம் ஷாஃப்டில் ஓடும் ஹை பிரஷர் பம்ப்தான் எல்லை வகுக்கிறது என்றால், டேங்க் பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை.

டேங்குக்குள் வைக்கும் பம்பே நல்லது. பம்புக்குத் தள்ளத் தெரியும், உறிஞ்ச வராது. பெட்ரோலில் மூழ்கியிருந்தால் குளிர்ச்சியும் கிடைக்கும். வெளியே வைத்தே ஆக வேண்டுமென்றால் டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே வையுங்கள். பம்புக்கு முன் 100 மைக்ரான், பின் 10 மைக்ரான் ஃபில்டர். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் உறிஞ்சும் பக்கம் அடைத்து, பெட்ரோல் ஆவியாகி, பம்ப் கத்தும்.

டேங்கைத் திறக்கும் முன்

டேங்கில் கால்வாசிக்குக் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் லைனில் உள்ளதைக் குடித்துத் தானே நிற்கும். இன்னும் இரண்டு முறை கிராங்க் செய்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தேங்கும். திறந்த வெளியில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, எல்ஈடி விளக்கை மட்டும் வைத்துச் செய்யுங்கள். டேங்க் மூடியை இறுக்கிப் பிடித்திருக்கும் லாக் ரிங்கைத் தட்டப் பித்தளைக் கம்பி போதும். இரும்பு உளியால் தட்டினால் பொறி பறக்கும்.

பம்பைத் தாங்கும் பழைய ஹேங்கரை வெளியே எடுத்ததும் அதன் ஓ-ரிங்கைக் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கவனியுங்கள். பெட்ரோலில் ஊறிய அது வெளியே வந்ததும் உப்பி, பள்ளத்தில் திரும்ப உட்காராது. புது ஓ-ரிங் கையில் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஹேங்கரில் பம்பை வைத்தல்

அதிகம் கெடுவது பம்ப் அல்ல, அதன் தலையில் உள்ள ஐந்து சென்டிமீட்டர் ஹோஸ். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இன்ஜெக்‌ஷன் ஹோஸ் எஸ்ஏஇ ஜே30ஆர்9 தரம். உள்ளே பெட்ரோல் ஓடினால் அது தாங்கும், வெளிப்பக்கமும் மூழ்கினால் தாங்காது. சில மாதங்களில் வெளித்தோல் பிசுபிசுத்து, கிளாம்ப் அருகே பிளக்கும். அந்தக் கசிவு டேங்குக்குள்ளேயே நடப்பதால் வாசனை வராது, சொட்டும் விழாது. பம்பும் வழக்கம்போல் ஓடும், பிரஷர் மட்டும் ஏறாது. பம்ப் போய்விட்டது என்று இன்னொன்று வாங்குவார்கள். மூழ்கும் இடத்துக்கு ஜே30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். கிளாம்பும் முழு வட்டமாக இறுகும் இன்ஜெக்‌ஷன் வகையாக இருக்கட்டும். துளையிட்ட பட்டை வகை ஹோஸை அறுக்கும்.

பம்பின் வாயில் உள்ள சல்லடையான ஸ்ட்ரெய்னர் டேங்கின் தரையை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும், மடிந்துபோகக் கூடாது. பழையதைக் கழுவிப் போடாதீர்கள். குதிரைச் சேணம்போல இரண்டு பக்கமும் தொங்கும் டேங்க் என்றால், மறுபக்கத்துப் பெட்ரோலை இழுத்துவரும் ஜெட் பம்பின் குழாயை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். விட்டுவிட்டால் மீட்டர் பாதி டேங்க் காட்டும்போதே கார் நின்றுவிடும்.

ஹேங்கர் மூடியைக் கடந்து போகும் மின் முனைகளையும் பாருங்கள். அவை பழைய பம்பின் கரண்டுக்குச் செய்தவை. பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் கனமான முனை கொண்ட மூடிக் கனெக்டர் போடுங்கள். ஒயரின் பிளஸ், மைனஸ் மாறினால் பம்ப் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், பெட்ரோல் வராது.

வயரிங்

ஒரு வோல்ட் குறைந்தால் வரத்து ஏறத்தாழ 10 சதவீதம் குறையும், பிரஷர் கூடினால் இழப்பு இன்னும் கூடும். கம்பெனி ஒயர் சிறிய பம்புக்கு அளந்து போட்டது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு புது லைன் இழுத்து, ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வையுங்கள். கீழே வரும் 30, 85, 86, 87 எல்லாம் ரிலேயின் முனை எண்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30. 87-இலிருந்து பம்ப். பழைய பம்ப் ஒயரை 86-க்கும், எர்த்தை 85-க்கும் கொடுங்கள். 255 லிட்டர் ரகப் பம்புக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 20 ஆம்பியர் ஃபியூஸும், 450 லிட்டர் ரகத்துக்கு 6 சதுர மில்லிமீட்டரும் 30 ஆம்பியரும். எர்த் ஒயரும் அதே கனம், பெயிண்ட் சுரண்டிய பாடி உலோகத்தில்.

ரிலேயைத் தட்டிவிடப் பழைய பம்ப் ஒயரையே பயன்படுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் நின்றதும் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அந்த ஒயரைத் துண்டிக்கும். நேரே இக்னிஷனில் கொடுத்தால், விபத்தில் லைன் உடைந்த பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் மாட்யூல் துடிப்பு மின்சாரத்தால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கார்களில் அந்த ஒயரால் ரிலேயை ஓட்ட முடியாது, ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும்.

சோதனை

முதலில் சாவியை ஆன் செய்து அணைத்து, மூன்று நான்கு முறை லைனை நிரப்புங்கள். கசிவு பார்த்த பிறகே ஸ்டார்ட். ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் 3 பார் வையுங்கள். ஹோஸை மாட்டியதும் பிரஷர் அரை பார் அளவுக்கு இறங்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு அளவு எடுங்கள். எஞ்சினை நிறுத்தி, ரிட்டர்ன் ஹோஸை அளவுக் குறியிட்ட உலோகக் கேனுக்குள் விட்டு, ரெகுலேட்டரின் வேக்குவம் முனையில் கைப்பம்பால் 1.4 பார் காற்று ஏற்றுங்கள். கேஜ் 4.4 காட்டும். பேட்டரியில் சார்ஜர் போட்டு, அதைக் கேனிலிருந்து தள்ளி வைத்து, பம்பை 30 நொடி ஓடவிடுங்கள். 175 லிட்டர் தேவைக்கு ஒன்றரை லிட்டராவது விழ வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணைவிட இதுவே நம்பத் தகுந்தது. போலிப் பம்பும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பிறகு லோடில் ஓட்டும்போது பிரஷரைப் பதிவு செய்யுங்கள். 1 பார் பூஸ்டில் 4, 1.4-இல் 4.4 என்று கூடவே ஏறிக் கடைசி ஆர்பிஎம் வரை நிற்க வேண்டும். சரிந்தால் உடனே காலை எடுங்கள். பம்ப் பிளக்கில் வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கோளாறு ஒயரில். அது சரியென்றால் ஃபில்டர், கடைசியில்தான் பம்ப். இரவு நிறுத்திய கார் காலையில் நீண்ட நேரம் கிராங்க் ஆனால், பம்பின் செக் வால்வோ டேங்குக்குள் இருக்கும் அந்தச் சிறு ஹோஸோ பிரஷரைப் பிடிக்கவில்லை.

டேங்க் மூடியை எட்டக் கழற்றிய பின் சீட்டை உடனே மாட்டிவிடாதீர்கள். கால்வாசி டேங்கில் லாக் ரிங் வரை பெட்ரோல் ஏறாது, ஓ-ரிங் கசிவும் தெரியாது. டேங்கை முழுக்க நிரப்பி, சில திருப்பங்களில் ஓட்டிவிட்டு வந்து, ரிங்கைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனையவில்லை என்றால் சீட்டை மாட்டலாம்.