கொரியாவில் ஊர் சுற்றுவது எப்படி: மாடும் பன்றியும் சாப்பிடாதவர்களுக்கு

கொரியாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து மாதக்கணக்கில் ஆகியும், சனி ஞாயிறானால் அறையிலேயே குக்கர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். வெளியூர் போனால் எதைச் சாப்பிடுவது என்ற பயம்தான், வேறென்ன. உண்மையில் இங்கே பயணம் ரொம்பச் சுலபம், சாப்பாட்டுக்குத்தான் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் டி-மனி அட்டை, அதாவது பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் அட்டை. பெட்டிக்கடை மாதிரி தெருவுக்குத் தெரு இருக்கும் சியூ, ஜிஎஸ்25 கடைகளில் வாங்கி, அங்கேயே ரொக்கம் கொடுத்துப் பணம் ஏற்றலாம். பஸ்ஸில் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் அட்டையைத் தட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கோ மெட்ரோவுக்கோ மாறும்போது கிடைக்கிற சலுகை போய்விடும் (பகலில் பொதுவாக 30 நிமிடத்துக்குள் மாற வேண்டும்). வழி பார்க்க கூகுள் மேப்பை நம்பி இறங்காதீர்கள். நேவர் மேப்போ காக்காவ் மேப்போ போட்டுக்கொள்ளுங்கள், எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்பதுவரை சொல்லும். மெட்ரோ பெட்டியின் கோடியில் முதியோர் இருக்கைகள் இருக்கும். காலியாகக் கிடந்தாலும் உட்கார வேண்டாம்.

வெளியூருக்கு கேடிஎக்ஸ். 2004-இல் ஓட ஆரம்பித்த அதிவேக ரயில், சியோலிலிருந்து பூசானுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், சாதாரண வகுப்பில் 60,000 வொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அவசரமில்லையா, முகுங்வா என்ற பழைய மெதுவான ரயிலில் அதில் பாதிச் செலவில் போகலாம், ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிக்கெட் ஒரு மாதம் முன்பே திறந்துவிடும். சுசோக் (அறுவடைத் திருநாள்), சொல்லால் (சந்திரப் புத்தாண்டு) பண்டிகை நாட்களில் மட்டும் கணக்கே வேறு. நம் ஊர் தீபாவளி, பொங்கல் கூட்டம் அப்படியே இங்கேயும் உண்டு, அதற்கு முன்பதிவும் தனியாக நடக்கும். இது தெரியாமல் என் முதல் சுசோக்கில் நின்றுகொண்டே போகும் டிக்கெட்தான் கிடைத்தது, தெஜானிலிருந்து பூசான் வரை கதவோரம் பையின் மேல் சாய்ந்தபடி போனேன். போய் இறங்கினால் பாதி உணவகம் மூடியிருந்தது. அன்றைய விருந்து, கடையில் வாங்கிய முக்கோண கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுற்றிய சோறு) மூன்று.

சரி, சாப்பாடு. "கோகி பே ஜுசெயோ", அதாவது கறி வேண்டாம் என்று சொன்னால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்லிக் கொடுப்பார்கள். போதாது. நான் அப்படிச் சொல்லி வாங்கிய பிபிம்பாப்பில் (காய்கறி போட்டுக் கலந்து சாப்பிடும் சோறு) கொத்துக்கறி இல்லை, சரிதான், ஆனால் கூடவே வந்த சூப் மாட்டெலும்பு வேகவைத்த தண்ணீர். அவர்கள் ஏமாற்றவில்லை, கண்ணுக்குத் தெரிகிற துண்டைத்தான் பலர் கறி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் குழம்பு நீரைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்: "சோகோகி யுக்சுயேயோ?" சோகோகி மாடு, துவேஜிகோகி பன்றி, யுக்சு அந்த வேகவைத்த நீர். கிம்பாப்பில் ஹாம் எனும் பன்றிக்கறித் துண்டு இருக்கும், அதையும் எடுக்கச் சொல்ல வேண்டும். மீனும் சாப்பிடாதவர்களுக்குக் கிம்ச்சி எனும் காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயே சிக்கல், பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்த்துத்தான் போடுகிறார்கள். அவர்களுக்குக் கோயில் சாப்பாடு இருக்கிறது. பௌத்த மடத்துச் சமையல், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது!

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் கவலையே இல்லை. பலகையில் "செங்சோன்குயி பெக்பான்" என்று தேடுங்கள். பெக்பான் கிட்டத்தட்ட நம் மீல்ஸ், சுட்ட மீனோடு சோறு, சூப், நாலைந்து தொட்டுக்கொள்ளும் வகைகள். பூசானில் ஜகால்ச்சி மீன் சந்தைப் பக்கம் போனால் இதற்கென்றே கடைகள் உண்டு. கோதுங்கோ என்றால் கானாங்கெளுத்தி ஜாதி, கால்ச்சி நம் வாளை மீன். மிளகாய்த்தூள் மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள்.

கரண்டியும் குச்சியும் மேஜையில் இல்லையே என்று முழிக்காதீர்கள், பக்கவாட்டில் சின்ன இழுப்பறை இருக்கும். தண்ணீர் பல கடைகளில் நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். பான்சான் எனும் தொடுகறிகள் தீர்ந்தால் பெரும்பாலும் காசில்லாமல் இன்னும் தருவார்கள். பரிமாறும் அம்மாவை "இமோ" என்று கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். இமோ என்றால் அம்மாவோடு பிறந்தவள், பெரியம்மாவோ சித்தியோ. நான் "இமோ, பான்சான் தோ ஜுசெயோ" என்று கேட்ட முதல் நாள் முட்டை ஒன்று கூடுதலாக வந்தது. டிப்ஸ் வைக்க வேண்டாம், போகும்போது கல்லாவில் பணம் கொடுத்தால் போதும். தனியாகப் போகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், அடுப்பை மேஜையில் வைத்துச் சமைக்கும் கடைகள் பலவற்றில் இரண்டு பேர் அளவுக்குக் குறைந்து தரமாட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தால் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பதினைந்து நிமிடம் நிறுத்துவார்கள். ஹோதுக்வாஜா என்று வால்நட் வைத்த சூடான குட்டி கேக் விற்கும், வாங்குங்கள். ஆனால் இறங்கியதும் முதல் வேலையாக உங்கள் பஸ்ஸின் நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே வரிசையாக நிற்கிற எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும்.