திரையை நம்பியே இருக்காதீர்கள்: சிறிய மின் நிறுவனங்கள் இணையப் பாதுகாப்பில் செய்யும் தவறுகள்

2015 டிசம்பர் 23. உக்ரைனில் ஒரு மின் கட்டுப்பாட்டு அறை. திரையில் மவுஸ் குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளை, ஒவ்வொன்றாக ஆஃப் செய்துகொண்டே போகிறது. ஆபரேட்டர் மவுஸை அசைத்துப் பார்க்கிறார், பலனில்லை. அன்று நடந்த இணையத் தாக்குதலில் மூன்று விநியோக நிறுவனங்களின் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் திரும்பி வந்ததற்குக் காரணம் எந்த மென்பொருளும் அல்ல. துணை மின்நிலையங்களுக்கு ஆட்கள் நேரில் போய், கையால் பிரேக்கரைப் போட்டார்கள்.

'நாம ரொம்பச் சின்ன நிறுவனம், நம்மை யார் சீண்டப் போறாங்க?' என்று இருப்பதுதான் முதல் தவறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லிட்டில்டன் என்ற சிற்றூரின் மின் நிறுவனத்துக்குள் சீனாவோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் 'வோல்ட் டைஃபூன்' ஹேக்கர் குழு 300 நாட்களுக்கு மேல் சத்தமில்லாமல் இருந்தது. 2023 நவம்பரில்தான் விஷயம் வெளிப்பட்டது. ஆள் குறைவு, கண்காணிப்பும் குறைவு என்பதால் சின்ன இடம் ஊடுருவுபவருக்கு வசதியாகவே இருக்கிறது.

அடுத்தது, வெளியிலிருந்து உள்ளே வரும் வழி. உக்ரைனில் கட்டுப்பாட்டு நெட்வொர்க்குக்குள், தொலைவிலிருந்து இணையும் வழியான விபிஎன்னின் திருடிய பாஸ்வேர்டுகளை வைத்தே நுழைந்தார்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. உங்கள் துணை மின்நிலையப் பேனலைத் திறந்து பாருங்கள். ரிலே (கோளாறு வந்தால் பிரேக்கரைத் துண்டிக்கச் சொல்லும் பாதுகாப்புக் கருவி) சர்வீஸுக்கு வந்த கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன மோடம் இன்னும் உள்ளே மினுக்கிக்கொண்டிருக்கலாம். அதன் பாஸ்வேர்டு கையேட்டில் அச்சிட்டிருப்பதாகவே இருக்கலாம். அது யாருக்காக, எதற்காக என்று பதில் சொல்ல ஆளில்லை என்றால் உடனே கழற்றிவிடுங்கள். வேலை இருக்கும் நாளில் மட்டும் இணைப்புக் கொடுத்து, முடிந்ததும் துண்டித்தால் போதும்.

அலுவலகக் கணினிகளும் ஸ்காடாவும் (துணை மின்நிலையங்களைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு) ஒரே நெட்வொர்க்கில் இருப்பது பெரும் ஆபத்து. 1979இல் வந்த மோட்பஸ் போன்ற பழைய நெறிமுறைகள், கட்டளை அனுப்புவது யார் என்று கேட்பதே இல்லை. உள்ளே வந்தவர் சொன்னால் கருவி கேட்டுவிடும். இரண்டையும் ஃபயர்வால் போட்டுப் பிரிக்காமல் வேறு எதை வாங்கினாலும் வீண் செலவு என்பேன். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: அலுவலகத்தில் ஓட்டும் ஸ்கேனிங் மென்பொருளை அப்படியே கட்டுப்பாட்டு நெட்வொர்க்கில் ஓட்டுவது. துணை மின்நிலையத்திலிருந்து தகவல் அனுப்பி, கட்டளை வாங்கும் பழைய ஆர்டியு கருவிகள் அதில் உறைந்துபோய் நின்றுவிடக்கூடும்.

பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் அதுவும் அதே நெட்வொர்க்கில்தான் இருக்கும். 2021இல் கொலராடோவின் டெல்டா-மான்ட்ரோஸ் மின் கூட்டுறவு நிறுவனம் தாக்குதலில் 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவுகளை இழந்தது. மின் கம்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பில்லிங் முடங்கியது. ஒரு பிரதியாவது எந்தக் கணினியோடும் இணையாமல் இருக்க வேண்டும். அதிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று ஒருமுறை செய்து பார்க்கவும் வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கடைசித் தவறு: கையால் இயக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது. உக்ரைனில் தாக்கியவர்கள் பிரேக்கரோடு நிற்கவில்லை. துணை மின்நிலையத் தொடர்புக் கருவிகளின் உள் மென்பொருளை அழித்தார்கள், யுபிஎஸ்ஸை நிறுத்தினார்கள், புகார் எண்ணுக்குப் பொய் அழைப்புகளைக் குவித்தார்கள். அப்படி ஒரு இரவில், ஃபீடர் (துணை மின்நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் மின்பாதை) வரைபடமும் லைன்மேன்களின் எண்களும் முடங்கிய கணினிக்குள் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒற்றைக்கோட்டு வரைபடம், ரிலே செட்டிங், தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் அச்சிட்டுக் கட்டுப்பாட்டு அறையில் வையுங்கள். மாற்றம் வரும்போதெல்லாம் புதிதாக அச்சிடுங்கள்.

பிறகு ஒரு நாள், லோடு குறைவாக உள்ள நேரமாகப் பார்த்து, திரையை அணைத்துவிட்டு ஷிஃப்டில் இருப்பவர்களிடம் ஒரு ஃபீடரை மட்டும் ஒப்படையுங்கள். துணை மின்நிலையச் சாவி யாரிடம் இருக்கிறது, போய்ச் சேர எத்தனை நிமிடம், மொபைல் வேலை செய்யாவிட்டால் கையில் வாக்கிடாக்கி உண்டா, பிரேக்கரை அங்கேயே நின்று இயக்கத் தெரிந்தவர்கள் இன்று எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஒருத்தர்தான், அவரும் அடுத்த வருஷம் ரிட்டயர்ட்' என்று பதில் வந்தால், அவர் இருக்கும்போதே மற்றவர்களுக்குப் பயிற்சி தொடங்கிவிடுங்கள்.