பத்தாவதோடு நின்ற பிள்ளையைப் பள்ளிக்குத் திரும்பக் கூட்டி வர

எங்கள் ஊரில் ஒரு பையன் படிப்பை விட்டுவிட்டான் என்பது வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் கரைக்குத் தெரிந்துவிடும். விடியக்காலையில் வள்ளம் வந்து மீன் கூடை இறக்கும்போது, வழக்கமான கைகளுக்கு நடுவே மெலிந்த கை ஒன்று புதிதாக இருக்கும். நான் மீன் எடுத்து விற்கிறவள். தினமும் ஏலத்தில் நிற்பதால், ஆசிரியர்கள் கவனிக்கும் முன்பே என் கண்ணில் பட்டுவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்ட பிறகு நான் செய்த முதல் வேலை, அந்தக் கைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதியதுதான்.

உங்கள் ஊரும் கடற்கரை ஊராக இருந்து, குழுவில் நீங்களும் புதிதாக வந்திருந்தால், நான் பழகிய வழியைச் சொல்கிறேன்.

எங்களுடையது மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாவது வரைதான். பதினொன்றாவதுக்கு பஸ் ஏறி வேறு ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். பிள்ளைகள் நழுவுவது பெரும்பாலும் இந்த ஒரு இடைவெளியில்தான். பத்தாவது வாத்தியாருக்குத் தன் பொறுப்பு முடிந்தது, அந்தப் பள்ளிக்கு இந்தப் பிள்ளை யாரென்றே தெரியாது. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குக் கடல் காலண்டரும் பள்ளிக் காலண்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் பக்கம் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பத்தாவது ரிசல்ட் வருவது மே மாதம். பள்ளி திறப்பது ஜூனில். தடை முடிந்து படகு கிளம்பும் நாளில் எல்லாப் படகுக்கும் ஆள் வேண்டும். சம்பளம் கேட்காத ஆள் வீட்டிலேயே இருக்கிறான். ஒரு தடவை கடலுக்குப் போய் வந்து, கையில் ஐந்நூறு ரூபாய் பார்த்துவிட்ட பையனிடம் பேசுவது வேறு. போவதற்கு முன்னால் பேசுவது வேறு. ஆகவே எல்லா வீட்டையும் ஜூன் 10-க்குள் முடித்துவிடுங்கள்.

மே மாதம் அப்பாமார் கரையில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தால் "அவுக வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்று அது அப்படியே நின்றுவிடும். மே 1 கிராம சபைக்குக் கட்டாயம் போங்கள். படகு கட்டிக் கிடப்பதால் ஆம்பளைகள் வந்து உட்கார்ந்திருக்கும் கிராம சபை அது. பத்தாவது முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே சேரப் போகிறார்கள் என்று அங்கே கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். எண்ணிக்கை போதும்.

நாட்டுப்படகுக் குடும்பத்துக்கு இந்தத் தடைக் கணக்கு கிடையாது, காற்றுக் கணக்குதான். வாடைக் காற்று எழுந்தால் வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) தொழில் இல்லாமல் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் தங்கல் போவார்கள், அங்கேயே தங்கித் தொழில் பார்ப்பார்கள். பிள்ளையையும் கூட்டிப் போனால் அரையாண்டுத் தேர்வு போச்சு. ஆச்சி வீட்டில் விட்டுப் போகச் சொல்லி ஐப்பசியிலேயே பேசி வையுங்கள். சாயல்குடிப் பக்கம் பனைத் தொழில் பார்க்கும் குடும்பங்களுக்குப் பதநீர்க் காலம் இதே மாதிரி.

இப்போது வீட்டுக்குப் போவது. இரண்டு பேர் போதும். கூட்டமாகப் போனால் தெருவே எட்டிப் பார்க்கும், அந்த வீட்டுக்கு அது அவமானம். முதல் தடவை ஆசிரியரைக் கூட்டிப் போகாதீர்கள். ஏலம் முடிந்து, சோறாக்கி, தலை சாய்த்து எழுந்த நாலு மணி நல்ல நேரம். "ஏன் அனுப்பல?" என்று ஆரம்பிக்கவே கூடாது. கடன், படகு, உடம்பு, எது அந்த வீட்டில் வலிக்கிறதோ அதை முதலில் கேட்க வேண்டும். அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் வீடென்றால் முதல் தடவை படிப்புப் பேச்சையே எடுக்காதீர்கள். மனு எழுதிக் கொடுங்கள், மீன்துறை அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். பையனின் படிப்பை அவன் அம்மாவே ஒரு நாள் எடுப்பார். அன்றைக்குப் பேசலாம்.

போன வருடம் ஒரு வீட்டுத் திண்ணையில் பையன் வலை கட்டிக்கொண்டிருந்தான். கணக்கில் 21 மார்க், மற்றதில் எல்லாம் பாஸ். அவன் அம்மா எனக்கு மதினி முறை. "நீங்களே கேளுங்க மதினி, ஒத்த வார்த்தை பேச மாட்டேங்கிறான்" என்றார். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். கிழிசலை ஒரு தடவை பார்த்தான், விரலை விட்டுக் கண்ணி அளவு பார்த்தான், ஓரத்துப் பிசிறை வெட்டினான், வலை ஊசியை ஓட்டினான். ஒவ்வொரு வரிசைக்கும் கண்ணி ஒன்று கூட்டி, பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசிக் கண்ணியில் சரியாக வந்து முடிச்சுப் போட்டான். ஒரு கண்ணி கூடப் பிசகவில்லை. கால் மணி நேரம் கழித்து, நிமிராமலே, "பெருக்கல் வாய்ப்பாடு எனக்கு ஏழுக்கு மேல தெரியாது அத்தை. பத்தாவதுல போய் அதை எப்படிக் கேக்குறது?" என்றான்.

காரணம் இவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் பணக் கஷ்டம் என்று நினைத்திருந்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். காலேஜ் படிக்கிற எங்கள் தெருப் பெண் ஒருத்தி மூன்று வாரம் சாயங்காலம் அவனுக்கு வாய்ப்பாட்டிலிருந்து சொல்லிக் கொடுத்தாள். துணைத் தேர்வு எழுதினான்.

துணைத் தேர்வைப் பற்றிப் பல வீடுகளுக்குத் தெரியாது. ஃபெயில் ஆன பாடத்தை மட்டும் அதே வருடம் எழுதலாம், பாஸ் ஆனால் அந்த வருடமே பதினொன்றாவதில் சேரலாம். தேர்வுக்கே போகாத பிள்ளையும் எழுதலாம். ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும் என்பதால், ரிசல்ட் அன்றைக்கே பள்ளியில் ஃபெயில் பட்டியலை வாங்கிவிடுங்கள். அன்றைக்கு எல்லாரும் முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் பார்க்கப் போவார்கள். நீங்கள் மற்ற வீட்டுக்குப் போங்கள்.

மாற்றுச் சான்றிதழ், மார்க் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், பாங்க் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் மே மாதமே இ-சேவை மையத்தில் போட்டுவிட வேண்டும். ஒரு பையனை நான் சேர்க்கக் கூட்டிப்போன இடத்தில் ஒரு தாள் குறைகிறது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது நாள் பஸ்ஸிலிருந்து இறங்கியவன் நேரே கரைக்குப் போய்விட்டான். இன்றைக்கும் ஏலத்தில் அவனைப் பார்க்கிறேன், எனக்கு மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு தாள் சரிபார்க்காமல் யாரையும் நான் பஸ் ஏற்றுவதில்லை.

பதினொன்றாவது பிடிக்காத பையனை அதற்கே தள்ள வேண்டியதில்லை. ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. படகு எஞ்சின் பிரித்துப் பழகிய கைக்கு அங்கே இடம் உண்டு. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, அதற்குப் பன்னிரண்டாவதில் அறிவியல் பாடம் வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். கலாம் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வந்து சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த கதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதையே திரும்பச் சொல்வதைவிட, அடுத்த தெருவில் நர்ஸ் வேலைக்குப் போகிற அக்காவைக் கூட்டி வந்து அரை மணி நேரம் பேச வைப்பது நல்லது.

பெண் பிள்ளைகள் நிற்பது சத்தமில்லாமல் நடக்கும். அம்மாவோடு நண்டு கம்பெனிக்குப் போய்ச் சதை எடுக்க உட்கார்ந்துவிடுவாள், கரையில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு விஷயம் கேளுங்கள்: பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு. எங்களுக்குப் பள்ளி விட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் பஸ். இருட்டியபின் இறங்கி நடக்கும் பிள்ளையை எந்த அப்பா அனுப்புவார்? குழுவில் தீர்மானம் போட்டு, பஸ் டிப்போ கிளை மேலாளரிடம் ஒரு மனு, திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்தோம். மனுவில் ஊர்ப் பெயர், பிள்ளைகள் எத்தனை பேர், எந்த நேரம் வேண்டும், அவ்வளவுதான் எழுதினோம். ஏழு மாதம் அலைந்து நேரம் மாறியது.

அந்த வீடுகளில் புதுமைப் பெண் திட்டத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. பத்தாவதோடு நின்றால் அது கிடையாது என்பது அம்மாமாருக்கு உடனே விளங்கும்.

திரும்பி வருகிற முதல் நாள் நீங்களே கூடப் போங்கள். முந்தின நாளே வகுப்பாசிரியரைப் பார்த்து, எல்லார் முன்னாலும் "வாப்பா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா" என்று கேட்டுவிடாமல் இருக்கச் சொல்லி வையுங்கள். தெரிந்த பிள்ளை பக்கத்தில் இடம் போடச் சொல்லுங்கள். இரண்டாவது வாரம் திங்கள்கிழமை காலையில் ஏலத்துக்குப் போனால் கூடை இறக்கும் கைகளை ஒரு தடவை பாருங்கள். அவன் அங்கே நின்றால் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.