கேன்ஸ் பட்டியலைக் கணிப்பவர்கள் விடும் பிழைகள்

பிரான்ஸில் மே மாதம் நடக்கும் கேன்ஸ் திரைப்பட விழாவுக்கு எந்தெந்தப் படங்கள் தெரிவாகின என்பதை ஏப்ரல் நடுப்பகுதியில் விழாவின் தெரிவுப் பொறுப்பாளர் தியரி ஃப்ரெமோ பாரிஸில் வாசித்து அறிவிப்பார். அங்கே முற்பகல் பதினொரு மணி என்றால் திருகோணமலையில் பிற்பகல் இரண்டரை. நமக்கு அது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்கள். 2022இல் புத்தாண்டு தினமான ஏப்ரல் 14 அன்றே அறிவிப்பு வந்தது. கைவிசேடம் கொடுத்து முடித்ததும் கைபேசியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களுக்குக் காத்திருக்கிற சினிமாப் பிரியர்கள் உவர்மலையிலும் உண்டு, உப்புவெளியிலும் உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்பே வட்ஸ்அப்பில் ஆளாளுக்குப் பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்கள்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இந்தப் படங்களில் பெரும்பாலானவை நம் ஊர்த் தியேட்டருக்கு வரப் போவதில்லை. எந்தப் படம், யாருடையது, எப்போது பார்க்கக் கிடைக்கும் என்று முன்கூட்டியே தேடுகிறவருக்குத்தான் அவை பிறகாவது கைக்கு எட்டும். கணிப்பு அந்தத் தேடலைப் பழக்குகிறது. ஆனால் பெரும்பாலான பட்டியல்கள் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. இயக்குநரின் பெயரைப் பார்க்கிறார்கள், படம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

"அவர் கேன்ஸ் ஆள், படம் எடுத்திருக்கிறார், அப்போ வரும்" என்பதுதான் அதிகம் கேட்கும் வாதம். பெத்ரோ அல்மோதோவாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் கேன்ஸில் சிறந்த இயக்குநர் விருது, 2006இல் சிறந்த திரைக்கதை விருது, 2019இலும் போட்டியில் படம். இவ்வளவும் இருந்தும் 2024இல் 'தி ரூம் நெக்ஸ்ட் டோர்' வெனிஸ் விழாவுக்குப் போய் அங்கே முதன்மை விருதான தங்கச் சிங்கம் வென்றது. ஜிம் ஜார்முஷ் 1984இல் கேன்ஸில் முதற்படத்துக்கான கேமரா தோர் வாங்கியவர், 2019 விழாவைத் தொடக்கி வைத்ததும் அவர் படம்தான். 2025 கணிப்புகளில் அவருடைய புதிய படம் நிறைய இருந்தது, கேன்ஸ் பட்டியலில் இல்லை. செப்டெம்பரில் அதே படம் வெனிஸில் தங்கச் சிங்கத்தை எடுத்தது. பழைய உறவு ஒரு தடயம், அவ்வளவுதான். அதை மட்டும் வைத்து எழுதிய பெயர் கணிப்பு ஆகாது.

பெயரை விட்டுவிட்டால் முதலில் கேட்க வேண்டியது, படம் முடிந்துவிட்டதா என்பது. டெரன்ஸ் மாலிக்கின் 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' 2010 கேன்ஸுக்கு நிச்சயம் என்று எல்லோரும் எழுதினார்கள். படத்தொகுப்பு முடியவில்லை. 2011இல்தான் வந்தது, கேன்ஸின் முதன்மை விருதான தங்கப்பனையை வென்றது. அதே மாலிக் 2019இல் படம்பிடித்த விவிலியக் கதை ஆண்டுக்கு ஆண்டு கணிப்புப் பட்டியல்களில் ஏறிக்கொண்டே இருந்தது, விழாவுக்கு வந்தபாடில்லை. ஆகவே படப்பிடிப்பு எந்த மாதம் முடிந்தது என்று தேடுங்கள். நவம்பரில் படப்பிடிப்பு முடிந்த படம் மே மாதத்துக்குள் தொகுப்பு, ஒலிக்கலவை, வண்ணச் சீராக்கம் எல்லாம் முடித்து வருவது பலருக்கு நெருக்கடியான விஷயம். ஹொங் சாங்-சூ போலச் சின்னக் குழுவோடு வேகமாக எடுப்பவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. ஓர் இயக்குநர் முன்பு ஒரு படத்தின் தொகுப்புக்கு எத்தனை மாதம் எடுத்தார் என்பதே நல்ல அளவுகோல்.

இன்னொன்று, தெரிவுக் குழு முழுதும் முடிந்த படத்தைத்தான் பார்க்கும் என்று எண்ண வேண்டாம். முடியாத பிரதியையும் பார்த்து முடிவெடுப்பார்கள். 2004இல் வொங் கார்-வாயின் '2046' பிரதி வந்து சேரத் தாமதமாகி, திரையிடும் நேரத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. 2019இல் டரன்டினோ படம் ஏப்ரல் அறிவிப்பில் இல்லை, தொகுப்பு இன்னும் நடக்கிறது என்று ஃப்ரெமோ சொன்னார். மே மாதத் தொடக்கத்தில் அது போட்டியில் சேர்க்கப்பட்டது.

'கேன்ஸில் திரையிடப்பட்டது' என்ற செய்தி

தமிழ் வாசகர்களை அதிகம் ஏமாற்றும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேன்ஸ் விழா நடக்கும் அதே நாட்களில் அதே கட்டடத்தையும் சுற்றியுள்ள திரையரங்குகளையும் பயன்படுத்தி ஒரு திரைப்படச் சந்தை நடக்கிறது. 1959இல் தொடங்கியது. படத்தை வாங்குவோரும் விற்போரும் சந்திக்கும் இடம். அங்கே கட்டணம் செலுத்தி ஓர் அரங்கை எடுத்து உங்கள் படத்தை நீங்களே திரையிடலாம். போஸ்டர் வெளியிடலாம், டீசர் காட்டலாம், சிவப்புக் கம்பளத்தில் படமும் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் சென்னைப் பத்திரிகையிலும் நம் ஊர் முகநூலிலும் 'கேன்ஸில் நம் படம்' என்று செய்தி வரும். இதில் தெரிவுக் குழுவுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. சந்தையில் திரையிடுவது கௌரவக் குறைவான காரியமும் அல்ல, வியாபாரத்துக்கு அது தேவை. ஆனால் அந்தச் செய்தியை நம்பி அடுத்த வருடம் அதே தயாரிப்பாளரின் படத்தைப் போட்டிப் பட்டியலில் எழுதினால் பிழையாகும்.

குறும்படங்களுக்கும் இதே நிலைதான். சந்தையின் ஒரு பகுதியாகக் குறும்பட மூலை ஒன்று உண்டு. அதில் படம் பதிவாவது வேறு, குறும்படப் போட்டிக்குத் தெரிவாவது வேறு. அதோடு, பெயரில் எங்காவது கேன்ஸ் என்று ஒட்டிக்கொண்டு மாதம்தோறும் இணையத்தில் விருது கொடுக்கும் போட்டிகளும் பல இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓர் இலச்சினையை அனுப்பிவிடுவார்கள். திருமலையில் கடன்பட்டுக் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் அந்த இலச்சினைக்காகக் காசு கரைப்பதைப் பார்க்க உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. எந்த அறிவிப்பையும் விழாவின் சொந்தத் தளத்தில் இருக்கும் தெரிவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

அடுத்தது, படம் இன்னும் புதிதாக இருக்கிறதா என்பது. கேன்ஸ் போட்டிக்கு வரும் படம் வேறு சர்வதேச விழாவில் காட்டப்பட்டிருக்கக் கூடாது, இணையத்திலும் வந்திருக்கக் கூடாது. வெனிஸ் போட்டி உலகின் முதல் திரையிடலையே கேட்கும். தமிழ்ப் படங்களைக் கணிக்கும்போது இதை மறந்துவிடுகிறோம். அண்மைக்காலத்தில் தமிழ்ச் சுயாதீனப் படங்களில் பல ரோட்டர்டாம், பெர்லின் வழியாகத்தான் உலகுக்குப் போயின. வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாமில் புலி விருது வென்றது. அவருடைய 'கொட்டுக்காளி' 2024 பெர்லினில் ஃபோரம் பிரிவில் வந்தது. ராமின் 'ஏழு கடல் ஏழு மலை' அதே ஆண்டு ரோட்டர்டாமில். இவ்விரு விழாக்களும் ஜனவரி முதல் பெப்ரவரி வரையான நாட்களில் நடப்பவை. அங்கே காட்டிய படம் மே மாதத்துக் கேன்ஸ் போட்டிக்கு இல்லை என்று அப்போதே அடித்துவிடலாம். ஆகவே கேன்ஸ் பட்டியல் எழுத உட்காரும் முன் ரோட்டர்டாம், பெர்லின் பட்டியல்களை எடுத்துப் பெயர்களை வெட்டுங்கள்.

படம் யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2017இல் நெட்ஃபிளிக்ஸின் இரண்டு படங்கள் கேன்ஸ் போட்டியில் இருந்தன. பிரெஞ்சுத் திரையரங்குக்காரர்கள் எதிர்த்தார்கள். 2018 முதல் போட்டிப் படத்துக்குப் பிரான்ஸில் திரையரங்க வெளியீடு கட்டாயம் என்று விதி வந்தது. அந்த வருடமே 'ரோமா' வெனிஸுக்குப் போய்த் தங்கச் சிங்கம் வாங்கியது. இன்றைக்கும் நெட்ஃபிளிக்ஸ் படத்தைக் கேன்ஸ் போட்டியில் எழுதி வைப்பவர்களைப் பார்க்கிறேன், விதியைத் தேடிப் படித்தால் அந்த வரி மிச்சமாகும். பெரிய ஸ்டூடியோக்களுக்கோ விழாவே தேவைப்படாமல் போகலாம். போல் தோமஸ் ஆண்டர்சனின் 2025 படம் எந்த விழாவுக்கும் போகாமல் நேரே திரையரங்குக்கு வந்தது. மாறாக, ஒரு சிறிய ஆசியப் படத்தைப் பாரிஸில் இயங்கும் விற்பனை முகவர் எடுத்திருக்கிறார், பிரெஞ்சு விநியோகஸ்தரும் சேர்ந்திருக்கிறார் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து கவனிக்க வேண்டிய செய்தி அது. இயக்குநர் நேர்காணலில் சொல்லும் ஆசையைவிட இந்த ஒப்பந்தச் செய்தி பத்து மடங்கு பெறுமதியானது.

கேன்ஸ் என்று ஒரே பையில் எல்லாவற்றையும் போடுவதும் பிழை. ஃப்ரெமோ வாசிப்பது போட்டி, போட்டிக்கு வெளியே, 1978இல் தொடங்கிய, முதன்மைப் போட்டிக்கு அடுத்த பிரிவான அன் செர்தென் ரெகார் முதலிய அதிகாரபூர்வப் பிரிவுகளை. விமர்சகர் வாரம் 1962 முதல் பிரெஞ்சு விமர்சகர் சங்கத்தின் கையில் இருக்கிறது, ஓர் இயக்குநரின் முதல் அல்லது இரண்டாம் படத்தை மட்டுமே எடுக்கும். இயக்குநர்களின் இருவாரம் 1969இல் பிரெஞ்சு இயக்குநர் சங்கம் தொடங்கியது. இவை இரண்டுக்கும் தனித் தெரிவுக் குழு, தனி அறிவிப்பு. முதல் நாளில் பெயர் வரவில்லை என்று பட்டியலைக் கிழிக்க அவசரப்பட வேண்டாம்.

நம் பக்கத்துப் படங்களைத் தேடுகிறவர் இந்தப் பிரிவுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. விமுக்தி ஜயசுந்தரவின் முதற்படம் 2005இல் அன் செர்தென் ரெகாரில் வந்து கேமரா தோரைப் பகிர்ந்துகொண்டது. ஜூட் ரட்ணத்தின் ஆவணப்படம் 2017இல் சிறப்புத் திரையிடலில் வந்தது. பாயல் கபாடியா 2021இல் இருவாரத்தில் ஆவணப்படத்தோடு வந்தார், 2024இல் போட்டிக்கு உயர்ந்து இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வென்றார். இப்படிப் படிப்படியாக ஏறி வரும் இயக்குநர்களைக் குறித்து வைப்பதுதான் இந்த வேலையின் ருசியான பகுதி. ஏறுமுகம் மட்டும்தான் என்றும் இல்லை. 2010இல் தங்கப்பனை வென்ற தாய்லாந்து இயக்குநர் அபிசட்போங்கின் படம் 2015இல் போட்டியில் இல்லாமல் அன் செர்தென் ரெகாரில் வைக்கப்பட்டது.

நாட்டுக் கணக்குப் போடுவது சுருக்கமாகச் சொல்லக்கூடிய பிழை. இந்தியப் படம் 1994க்குப் பிறகு 2024 வரை போட்டியில் இல்லை. 'இந்த முறை இந்தியாவின் முறை' என்று இடையில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது எழுதியிருப்பார்கள். சரி, 2024இல் கதவு திறந்துவிட்டது, 2025இலும் வரும் என்றார்கள். நீரஜ் கேவானின் படம் வந்தது, ஆனால் அன் செர்தென் ரெகாரில். இலங்கைக்கு 1957இல் 'ரேகாவ' போட்டியில் இடம்பெற்ற பெருமை உண்டு, அதை வைத்து இப்போதைய பட்டியலில் எதையும் எழுத முடியாது. 2015இல் தங்கப்பனை வென்ற 'தீபன்' பெரும்பகுதி தமிழில் பேசியது, நம்மவர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். அதைப் பார்த்துப் பெருமைப்படாதவர் இங்கே குறைவு. ஆனாலும் அது பிரெஞ்சு இயக்குநர் ஒருவரின் பிரெஞ்சுத் தயாரிப்பு. படத்தின் மொழியை வைத்து நாட்டைத் தீர்மானித்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

செய்தியில் வராத படங்களுக்கும் இடம் விடுங்கள். ஈரானில் அனுமதியின்றி மறைவாக எடுக்கப்படும் படங்களுக்குத் தயாரிப்பு அறிவிப்பு எதுவும் இருக்காது. முகமது ரசூலோஃபின் படம் 2024இல் முதல் அறிவிப்பில் இல்லாமல், பதினொரு நாட்களுக்குப் பின் போட்டியில் சேர்ந்தது. ஜாஃபர் பனாஹியின் மறைவில் எடுத்த படம் 2025இல் தங்கப்பனையே வென்றது. பட்டியலில் இரண்டு இடத்தை வெறுமையாக விடுவது கோழைத்தனம் அல்ல.

பட்டியலின் நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. விழாவுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் முழுநீளப் படங்கள் விண்ணப்பிக்கின்றன, போட்டிக்கு எடுப்பது இருபது அளவில். அறுபது பெயர் எழுதிப் பதினைந்து சரி என்று மார்தட்டுவதில் பொருளில்லை. இருபது எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் ஒரு வரி, எந்தப் பிரிவு என்பதும். பிறகு பிழையானவற்றின் காரணங்களைப் பார்த்தால் அடுத்த ஆண்டுக்கான பாடம் அங்கேயே இருக்கும்.

கேன்ஸில் பழகிய முறையை மற்ற விழாக்களுக்கு அப்படியே பொருத்தவும் கூடாது. டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள விழாவின் உலக சினிமாப் பிரிவுக்குப் புதுப் படம் தேட வேண்டியதில்லை, அந்த ஆண்டில் கேன்ஸிலும் வெனிஸிலும் பேசப்பட்டவற்றை எழுதினாலே பாதி சரியாகும். அதன் போட்டிப் பிரிவு மட்டும் ஆசிய, ஆபிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கானது. நவம்பரில் கோவாவில் நடக்கும் இந்திய விழாவில், குழு தெரிவு செய்த பிறகும் மேலிடம் கைவைக்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2017இல் 'எஸ். துர்கா', 'நியூட்' இரண்டும் தெரிவான பின் இந்தியப் படங்களுக்கான பனோரமா பிரிவிலிருந்து நீக்கப்பட்டன, தெரிவுக் குழுத் தலைவர் பதவி விலகினார். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச சினமா விழா நமக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக் கிடைக்கும் விழா என்பதால், அதற்குப் பட்டியல் போடுவதை இன்னும் ஆசையாகச் செய்யலாம்.

குறும்படம் எடுப்பவர்களுக்காக ஒன்று. கேன்ஸ் குறும்படப் போட்டியில் தலைப்பு, பெயர்ப்பட்டியல் எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம்தான் உச்சம். மாணவர் படங்களுக்கான லா சினெஃப் பிரிவுக்குத் திரைப்படப் பள்ளி வழியாகப் படம் போக வேண்டும். நண்பரின் இருபத்திரண்டு நிமிடப் படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் கேன்ஸ் போட்டிக்கு எழுத வேண்டாம், நடுத்தர நீளப் படங்களுக்கும் இடம் வைத்திருக்கும் ரோட்டர்டாமுக்கு எழுதுங்கள்.