அமெரிக்க ரீஜனல் விமான நிறுவனத்தில் வேலை: கடவுச்சீட்டிலிருந்து தொடங்குங்கள்

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். "அண்ணா, அமெரிக்காவில் ரீஜனல் ஜெட் ஓட்டுகிறீர்களாமே, நானும் வரலாமா?" ரீஜனல் என்றால் பெரிய விமான நிறுவனங்களுக்காகக் குறுந்தூர வழிகளில் சிறிய விமானங்களை ஓட்டும் நிறுவனம். சென்னையில் சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி கேட்கிறார். மெல்பேர்ணில் பறத்தல் பயிற்றுநராக இருக்கும் தங்கை கேட்கிறார். யார் கேட்டாலும் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறீர்கள் என்று நான் முதலில் விசாரிப்பதில்லை. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன்.

காரணம், நான் வந்தது இ-3 விசாவில். 2005இல் உருவான இந்த விசா அவுஸ்திரேலியக் குடிமக்களுக்கு மட்டும்தான். ஆண்டுக்கு 10,500 இடங்கள் உண்டு. எச்-1பி வேலை விசாவைப் போலக் குலுக்கல் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குத் தருவார்கள், வேலை இருக்கும்வரை இரண்டிரண்டு ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். கணவனோ மனைவியோ கூட வந்து வேலை செய்யலாம். ஆனால் அவுஸ்திரேலியாவில் நிரந்தர வதிவுரிமை இருந்தால் போதாது, குடியுரிமையே வேண்டும். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னி வந்தவன் நான். எங்களுக்குத் தகுதி வந்த முதல் மாதத்திலேயே அப்பா குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டார். அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் இன்று இந்த வேலை இல்லை.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதை நேராகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. கிரீன் கார்டோ, வாழ்க்கைத் துணையின் விசா வழியாக வரும் வேலை அனுமதியோ கையில் இருந்தால்தான் அமெரிக்க ரீஜனல் நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பதில் பொருள் உண்டு. "இடம் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் முகவர்களை நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அப்படி ஒருவரிடம் 4,000 டொலர் கட்டினான். கிடைத்தது ஒரு மின்னஞ்சல் மட்டும்தான். உண்மையான விமான நிறுவனம் ஆளெடுக்கக் காசு கேட்காது.

கடவுச்சீட்டு சரி என்றால் அடுத்தது பட்டம். இ-3 என்பது பட்டப்படிப்பு தேவைப்படும் தொழில்களுக்கான விசா. பட்டம் இல்லாதவர்கள் அனுபவத்தைக் காட்டலாம். மூன்று ஆண்டு வேலை ஓராண்டுப் படிப்புக்குச் சமம் என்பது கணக்கு, ஆகவே முழுப் பட்டத்துக்கு 12 ஆண்டு அனுபவம் வேண்டும். இளம் விமானிக்கு இது ஒத்துவராது. பறக்கும் உரிமம் மட்டும் எடுத்துக்கொண்டு பட்டத்தைப் பிறகு பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பகுதி நேரமாக, தொலைநிலையில் படித்தாலும் பரவாயில்லை, முடித்துவிடுங்கள்.

இனி மணி நேரம். 2009 பெப்ரவரி 12 அன்று பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த சட்டத்தால், 2013 ஓகஸ்ட் முதல் அமெரிக்க விமான நிறுவனத்தில் துணை விமானியாக உட்காரவும் ஏடிபி என்ற உச்சநிலை விமானி உரிமம் வேண்டும். அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம், 23 வயது. 21 வயதில், துணை விமானி வேலைக்கு மட்டும் செல்லும் கட்டுப்படுத்தப்பட்ட ஏடிபி எடுக்கலாம். அதில் 1,000 மணியே போதும் என்ற சலுகை ஒன்று இருப்பதாக எங்கள் பையன்கள் ஆசையோடு கேட்பார்கள். அந்தச் சலுகை எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி பெற்ற அமெரிக்கக் கல்லூரிகளில் விமானவியல் படித்தவர்களுக்குத்தான். சிட்னியில் வாங்கிய பட்டம் விசாவுக்கு உதவும், இதற்கு உதவாது. நமக்கு 1,500தான்.

மொத்தம் 1,500 ஆகிவிட்டதே என்று மகிழ்ந்துவிடாமல் உட்பிரிவுகளைப் பாருங்கள். முழு ஏடிபிக்கு நெடுந்தூரப் பறத்தல் 500 மணி, இரவு 100, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவிப் பறத்தல் 75, கப்டனாக 250, இரட்டை எஞ்சினில் 50. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். என் முதல் வேலை மேற்கு அவுஸ்திரேலியாவின் கனனாராவில். ஜிஏ8 ஏர்வான் என்ற சிறு விமானத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, ஆர்கைல் ஏரிக்கு மேலாகப் பங்கிள் பங்கிள் மலைகள்வரை போய்த் திரும்புவோம். காலையில் இரண்டு சுற்று, சில நாள் மூன்று. மணி நேரம் மளமளவென்று ஏறியது. எல்லாம் பகல், எல்லாம் ஒற்றை எஞ்சின், மேகமே இல்லாத வானம். 1,400 மணி தாண்டியபோது என் இரவுக் கணக்கு 38, கருவிக் கணக்கு 41.

ஆனால் பறந்த நேரத்தைப் பதியும் அதே லொக்புக்கில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருந்தது. அந்தச் சுற்றுலாப் பறத்தல்களில் வேறெங்கும் இறங்காமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதால், அவை நெடுந்தூரப் பறத்தலில் சேராது என்று நினைத்திருந்தேன். ஏடிபிக்கான எஃப்ஏஏ வரையறையில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைலுக்கு அப்பால் போயிருந்தால் போதும். பங்கிள் பங்கிள் கனனாராவிலிருந்து ஏறக்குறைய 100 கடல் மைல். ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து லொக்புக்கை முதல் பக்கத்திலிருந்து திரும்ப எண்ணினேன். 500ஐ எப்போதோ தாண்டியிருந்தேன். நீங்களும் விண்ணப்பிக்கும் முன் இந்த வேலையைச் செய்யுங்கள். எஃப்ஏஏ வரையறைப்படி தனி நிரல்கள் போட்டு ஒவ்வொரு பறத்தலையும் மறுபடி எழுதுங்கள். மேற்பார்வையின் கீழ் கப்டனாகப் பறந்த ஐகஸ் நேரத்தைக் கப்டன் நேரத்தோடு கலக்காமல் தனியாக வையுங்கள். நேர்காணலில் யாராவது ஒரு வரியைத் தொட்டுக் கேட்டால் விளக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இரவுக் குறையைச் சரிசெய்ய, டார்வினில் இரவுச் சரக்கு ஓட்டும் இரட்டை எஞ்சின் வேலைக்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு மாறினேன். எட்டு மாதம். மழைக்காலத்து மேகம் கருவிக் கணக்கையும் நிரப்பித் தந்தது. காசு கொடுத்து விமானம் வாடகைக்கு எடுத்து இரவில் வட்டமடிப்பதைவிட இது நல்ல வழி, பறக்கும் கையும் தேறும். இரட்டை எஞ்சினில் 25 மணி உண்மையாகப் பறந்திருந்தால், மீதி 25ஐ அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் முழுநிலை சிமுலேட்டரிலேயே பெற விதி இடம் தருகிறது. அந்தக் கணக்கில் ஆளெடுக்கும் நிறுவனங்கள் உண்டு.

காகித வேலையில் தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, பெயர். பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக, கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயராக, பறத்தல் உரிமத்தில் வேறொரு வரிசையில் என்று இருந்தால் ஒவ்வொரு மேசையிலும் கேள்வி வரும். எஃப்ஏஏ உங்கள் காசா (அவுஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தைச் சரிபார்க்கும்போதும், அமெரிக்கர் அல்லாதவர்கள் பயிற்சி எடுக்கும் முன் டிஎஸ்ஏ என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு கைரேகையோடு பின்னணி பார்க்கும்போதும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே எல்லாவற்றையும் கடவுச்சீட்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டு உரிமத்தைக் காட்டி எளிதாக ஒரு எஃப்ஏஏ சான்றிதழ் வாங்கலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது தனியார் விமானி நிலை மட்டும். என்னை எடுத்த நிறுவனம் எஃப்ஏஏவின் வணிக உரிமத்தையும், இரட்டை எஞ்சின் கருவித் தகுதியையும் முன்கூட்டியே கேட்டது. அதற்கென அமெரிக்கா வந்து தேர்வெழுதி, பறந்து காட்டிவிட்டுப் போனேன். முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்கு எஃப்ஏஏ அங்கீகரித்த மருத்துவர்கள் அவுஸ்திரேலியாவிலேயே இருக்கிறார்கள். செலவுக்கு இறங்கும் முன் அதை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் நிறுவனம் தேடுவது. இங்கே அலை அலையாகத்தான் ஆளெடுப்பார்கள். விமானிகள் பற்றாக்குறையாக இருந்த 2022இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கையிலுள்ள என்வோய், பீட்மொன்ட், பிஎஸ்ஏ மூன்றும் புதிய துணை விமானிக்கு மணிக்கு ஏறக்குறைய 90 டொலர் என்று உயர்த்தின. அப்படியான காலத்தில் இ-3க்கு ஆதரவு தர நிறுவனங்கள் முன்வரும். பற்றாக்குறை தீர்ந்ததும் இ-3 ஆதரவு பற்றிய வரி வேலை அறிவிப்பிலிருந்து காணாமல் போகும். ஆகவே அலை வரும்போது 1,500 மணியும் பட்டமும் எஃப்ஏஏ உரிமமும் கையில் தயாராக இருக்க வேண்டும். அலையைப் பார்த்துவிட்டுத் தயாராகத் தொடங்கினால் பிந்திவிடும்.

நேர்காணலில் என்னைத் திணறடித்தது வானிலைக் குறிப்பு. நமக்கு அழுத்தம் ஹெக்டோபாஸ்கலில், அவர்களுக்கு பாதரச அங்குலத்தில். நமக்குப் பார்வைத்தூரம் மீட்டரில், அவர்களுக்கு மைலில். அவுஸ்திரேலியாவில் 10,000 அடியில் மாற்றும் உயரமானி அமைப்பை இங்கே 18,000 அடியில் மாற்றுகிறோம். இவற்றைப் படித்தால் போதாது, வாய் பழக வேண்டும். தினமும் சிக்காகோ ஓ'ஹேர் வானிலை அறிக்கையை எடுத்து உரக்க வாசித்துப் பழகுங்கள். பனியில் பறந்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஆனால் பனிநீக்கத் திரவம் தெளித்தபின் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற அட்டவணையைப் படித்து வந்திருந்தேன், அதை விளக்கிச் சொன்னேன். இல்லாத அனுபவத்தை இருப்பதாகச் சொல்லாதீர்கள்.

வேலை உறுதியானதும் நிறுவனம் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் சம்பளமும் வேலை நிலைமையும் பற்றிய எல்சிஏ என்ற விண்ணப்பத்தைப் போடும். ஏழு வேலை நாளில் முடிவு வரும். அந்தத் தாளோடு டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தூதரக நேர்காணலுக்குப் போக வேண்டும். என்னிடம் கேட்ட முக்கியமான கேள்வி, விமானம் ஓட்ட எதற்குப் பட்டம் என்பது. இந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள். இந்த வேலைக்குப் பட்டம் ஏன் தேவை என்று விளக்கும் கடிதத்தை நிறுவனத்திடம் முன்பே கேட்டு வாங்குங்கள். உங்கள் பாடத்திட்டத்தில் வானிலை, காற்றியக்கவியல், மனிதக் காரணிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லத் தெரிந்திருங்கள்.

வந்து சேர்ந்தபின் முதலில் ஏடிபி-சிடிபி, அதாவது ஏடிபி தேர்வுக்கு முன் கட்டாயமான பயிற்சி. 30 மணி வகுப்பு, 10 மணி சிமுலேட்டர், பிறகுதான் எழுத்துத் தேர்வு. என் நிறுவனமே அதற்குப் பணம் கட்டியது. கப்டனாக உயர, இதுபோன்ற நிறுவனச் சேவையில் துணை விமானியாக 1,000 மணி வேண்டும். இங்கே, சேர்ந்த வரிசைப்படி தரும் பணிமூப்பு எண்தான் எல்லாம். எந்த நகரம், எந்த விடுமுறை, எந்தத் தீபாவளி என்று அது தீர்மானிக்கும்.

விசா நிறுவனத்தோடு கட்டப்பட்டது என்பதையும் மனதில் வையுங்கள். 2020இல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், கொம்பஸ் என்று இரண்டு ரீஜனல் நிறுவனங்கள் மூடப்பட்டன. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். நான் மூன்று மாதச் செலவுப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன். காசா உரிமத்தையும் மருத்துவச் சான்றையும் காலாவதியாக விடவில்லை.

கடைசியாக, விமான நிலையத்தில் உள்ளே விட்டதும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவை அன்றைக்கே இணையத்தில் திறந்து, எந்தத் தேதிவரை தங்கலாம் என்று பாருங்கள். என் கடவுச்சீட்டு 14 மாதத்தில் முடிய இருந்தது, அதனால் இரண்டு ஆண்டு விசா இருந்தும் எனக்குத் தந்தது அந்த 14 மாதம்தான். புதுக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்கச் சிட்னி போய்த் திரும்பும்போது விசா ஒட்டிய பழையதையும் சேர்த்துக் காட்டினேன். மீதி மாதங்கள் அப்போதுதான் கிடைத்தன. பழையதை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.