ஸ்பானிஷ்காரரிடம் ஆரஞ்சைப் பற்றிப் பேசுவது எப்படி?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் சுற்றுலா வழிகாட்டி வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்லித்தரும் ஸ்பானிஷ் சொல் 'நரான்ஹா'. வணக்கம், நன்றி எல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அழுத்தம் நடுவில் உள்ள 'ரா'வில். கடைசி 'ஹா' தொண்டையைக் கொஞ்சம் உரசிக்கொண்டு வரவேண்டும். பழம் பெண்பால், 'லா நரான்ஹா'. மரம் ஆண்பால், 'எல் நரான்ஹோ'. தண்ணிக் கடையில் ஜூஸ் வாங்கும்போது ஆளைப் பாருங்கள். ஸ்பெயின்காரருக்கு 'ஸூமோ', மெக்சிகோ, கொலம்பியா பக்கத்தவருக்கு 'ஹூகோ'. புவேர்த்தோ ரிக்கோகாரரிடம் மட்டும் ஜாக்கிரதை. அங்கே இனிப்பு ஆரஞ்சுக்குப் பெயரே 'சீனா'. நரான்ஹா கேட்டால் புளிப்பு வகைதான் வரும்.

அப்புறம் லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போங்கள். சுருள் சுருளாக வெட்டி, உப்புப் போட்டுக் காயவைத்த நாரத்தங்காய் மளிகைக் கடையில் இருந்தால் ஒரு துண்டைக் கையில் கொடுங்கள். தோலில் உப்புப் பூத்திருக்கும். கிள்ளினால் அந்த எண்ணெய் வாசனை விரலிலேயே நிற்கும். அவர்கள் முகர்ந்துகொண்டிருக்கும்போதே கதையை ஆரம்பியுங்கள். ஸ்பானிஷுக்கு இந்தச் சொல் அரபி 'நாரஞ்ச்' வழியாகப் போனது. அதற்கு முன் பாரசீக 'நாரங்', அதற்கும் முன் சமஸ்கிருத 'நாரங்க'. அதன் வேர் திராவிடம் என்பது மொழியியலார் பலரின் கருத்து. நம் நாரத்தையும் மலையாளிகளின் நாரங்ஙாவும் அந்த வழிதான். 'எல்லாம் தமிழிலிருந்து போனதே' என்று மார்தட்டாதீர்கள். திராவிடம் என்பதோடு நிறுத்தினால் போதும், யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

அரபிகள் ஸ்பெயினுக்குக் கொண்டுபோனது கசப்பு ஆரஞ்சு. செவில்லா நகரத் தெருவோரங்களில் இன்றும் காய்த்துக் குலுங்குவது அதுதான். இனிப்பு வகை அங்கே பரவியது 15, 16ஆம் நூற்றாண்டுகளில்தான். அதனால் செவில்லாக்காரர் யாராவது வந்தால் நாரத்தங்காயைத் தயங்காமல் கொடுக்கலாம்.

பாடாங் கோத்தா கடற்கரைக்கு ஒரு விஷயத்தை மிச்சம் வைத்திருங்கள். 'மெதியா நரான்ஹா', அதாவது பாதி ஆரஞ்சு, என்றால் ஸ்பானிஷில் வாழ்க்கைத் துணை. இங்கேயோ சீனப் புத்தாண்டின் 15ஆம் இரவு, சாப் கோ மே அன்று, கல்யாணமாகாத பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டிக் கடலில் ஆரஞ்சு எறிவார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கூட்டம் கலகலக்கும். நம்பாத ஆள் ஒருவர் 'நரான்ஹாஸ் தெ லா சீனா!' என்பார். நம்ம ஊர்ச் சீன ஆரஞ்சைத்தான் பாராட்டுகிறார் என்று நன்றி சொல்லிவிடாதீர்கள். 'அட, சும்மா கதை விடாதே' என்று அர்த்தம்.